சண்டை வந்தால் யாரிடம் போவது?

முல்லைப் பெரியாறு என்றதும் 999 வருஷக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய் என்று ஆரம்பித்துவிடுவோம். 8,000 ஏக்கர், வருஷத்துக்கு 40,000 ரூபாய். கம்பம், சின்னமனூர் டீக்கடைகளில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் அத்துப்படி.

ஆனால், 1886 அக்டோபர் 29-ல் கையெழுத்தான அந்தப் பத்திரத்தில் இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். தகராறு வந்தால் ஆளுக்கு ஒரு மத்தியஸ்தர். அந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லையா? அவர்களுக்கு மேலே ஒரு நடுவர். சண்டை வரும் என்று தெரிந்தே எழுதிய பத்திரம்!

சமமான இரண்டு பேர் உட்கார்ந்து பேசி எழுதியது என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் வெள்ளைக்கார சர்க்கார், இன்னொரு பக்கம் அதற்கு அடங்கிய திருவிதாங்கூர் சமஸ்தானம். இதய ரத்தத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று விசாகம் திருநாள் மகாராஜா கலங்கியதாக கேரளத்தில் சொல்வார்கள். அவர் 1885-லேயே காலமாகிவிட்டார். பத்திரம் எழுதும்போது ராஜா மூலம் திருநாள். கதை எப்படியோ, அந்த வருத்தம் நிஜம்.

சரி, ஷரத்துக்கு வேலை வந்ததா? வந்தது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் மின்சாரம் எடுக்க ஆசைப்பட்டது மதராஸ். ‘குத்தகை கொடுத்தது பாசனத்துக்கு. கரன்டுக்கு இல்லை’ என்றது திருவிதாங்கூர். அப்போது அங்கே திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர். லேசுப்பட்ட ஆள் இல்லை. 1946-ல் புன்னப்புரா - வயலாரில் அவருடைய நிர்வாகம் துப்பாக்கியால் பேசியது. ஆனால், மதராஸோடு நடந்த இந்த வழக்கில் பேசியது காகிதம் மட்டும்தான்.

இரண்டு மத்தியஸ்தர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். விஷயம் நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் போனது. 1941 மே 12-ல் தீர்ப்பு. தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே. நாம் தோற்றோம்!

தோற்றதால் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, இருபோக நெல் நின்றுபோகவில்லை. பிறகு சுதந்திரம் வந்தது, மாநிலங்கள் பிரிந்தன. மறுபடி பேச்சு. 1970 மே 29-ல் துணை ஒப்பந்தம். இங்கே கருணாநிதி, அங்கே அச்சுத மேனன் முதல்வர்கள். ஏக்கருக்கு 5 ரூபாய் 30 ரூபாயானது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. பதிலுக்கு, 1941-ல் கிடைக்காத மின்சாரம் தனிக் கட்டணத்தோடு நமக்குக் கிடைத்தது. வியாபாரத்தில் இதைத்தான் கொடுக்கல் வாங்கல் என்பார்கள்.

அதற்கு நேர் எதிர், 2011 டிசம்பர். அணை உடையும் என்று அங்கே பயம், தண்ணீர் போய்விடும் என்று இங்கே பயம். இரண்டுமே பொய்ப் பயம் இல்லை. குமுளி சாலையில் ஆயிரக்கணக்கில் கூட்டம், தடியடி, 144 தடை. ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஏறிப் போய் வரும் பெண்களுக்குக் கூலி போச்சு. இங்கிருந்து காய்கறி லாரி போகவில்லை. கேரளத்துக்காரர்களின் கடைகள் இங்கே தாக்கப்பட்டன, தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே விரட்டப்பட்டார்கள். இத்தனைக்கும் பிறகு அணையில் நீர்மட்டம் ஓர் அங்குலமாவது கூடியதா, குறைந்ததா?

142 அடிக்கு அனுமதி உறுதியானது 2014 மே 7-ல், உச்ச நீதிமன்றத்தில். நீதிபதி ஆனந்த் குழு இரண்டு தரப்பையும் கேட்டு, அணையைச் சோதித்து, 2012-ல் அறிக்கை கொடுத்த பிறகு. அந்தத் தீர்ப்பே ஒரு கண்காணிப்புக் குழுவும் அமைத்தது. மத்திய அரசு சார்பில் ஒருவர், மாநிலத்துக்கு ஒருவர். ஆளுக்கு ஒருவர், மேலே ஒரு நடுவர்... எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

அதன் துணைக்குழு தேக்கடியிலிருந்து அணையைப் பார்க்கப் போகும். தமிழக அதிகாரிகள் நம் நீர்வளத்துறை படகில் ஏறுவார்கள். கேரள அதிகாரிகள் அவர்களுடைய வனத்துறை படகில். ஒரே படகில் ஏற மனசு வராது போல! மதகை இயக்கிப் பார்த்து, கசிவு நீரை அளந்துவிட்டு, தனித்தனியாகவே கரைக்குத் திரும்புவார்கள். அப்புறம் குமுளியில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள்.