தறிக்குழி
காஞ்சிபுரம் நெசவாளர் வீடுகளில் குழித்தறியின் மிதிகளுக்காகத் தரையில் வெட்டப்படும் பள்ளம். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டில் பெரும்பகுதி வளர்ந்தது இதன் விளிம்பில்தான். நெசவாளர் விளிம்பில் அமர்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டு மிதிக்க, விழுதுகள் ஏறி இறங்கிப் பாவு பிரியும், நாடா ஓடும்.

மண் தரைக்குக் கடப்பாறையும் மண்வெட்டியும் போதும். சிமெண்டுத் தரையில் விளிம்புக் கோட்டை முதலில் உளியாலோ கட்டிங் மெஷினாலோ கீறிக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் சம்மட்டியைப் போட்டால் விரிசல் அறை முழுக்க ஓடிவிடும்.

மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் ஊறித் தறி நிற்பது பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளின் பழைய தொல்லை. மாடி வீடுகளில் குழிக்கு வழியில்லை, அங்கே சட்டத்தறிதான்.