தேசிய மிதிவண்டிப் பாதை வலையமைப்பு (பிரிட்டன்)

தேசிய மிதிவண்டிப் பாதை வலையமைப்பு என்பது ஐக்கிய இராச்சியம் முழுவதும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் நடப்போருக்கும் எண்ணிட்டு அடையாளப்படுத்தப்பட்ட வழிகளின் தொகுப்பு. நகரங்களுக்குள்ளும் இவ்வழிகள் செல்கின்றன. ஆயினும் பெரும்பகுதி நாட்டுப்புறத்தில்தான் உள்ளது. மோட்டார் வண்டிகள் அறவே வராத தனிப்பாதை, போக்குவரத்து குறைந்த கிராமச் சாலை என இதில் இரு வகை உண்டு. துணையின்றித் தனியே செல்லும் விவரமறிந்த 12 வயதுச் சிறுவருக்கும் ஏற்றதாக வழி இருக்கவேண்டும் என்பதே இதன் அளவுகோல். சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் வளர்ந்த தொண்டு நிறுவனம் இதை உருவாக்கி ஒருங்கிணைத்தது.

தோற்றம்

1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை, இழப்பில் ஓடிய சுமார் 5,000 மைல் இருப்புப்பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கிளைப்பாதைகளில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. கரைமேடுகளும் பாலங்களும் சுரங்கங்களும் புதர் மண்டிக் கிடந்தன. 1977இல் பிரிஸ்டல் நகரில் சைக்கிள்பேக் என்ற மிதிவண்டி ஆர்வலர் குழு தோன்றியது. பொறியாளர் ஜான் கிரிம்ஷா அதன் முன்னணியில் இருந்தார். பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே கைவிடப்பட்ட தடத்தை இக்குழு 1979இல் சீரமைக்கத் தொடங்கியது. 13 மைல் (21 கிலோமீட்டர்) நீளப் பாதை 1986இல் முழுமை பெற்றது. அதற்குள் குழு சஸ்ட்ரான்ஸ் எனப் பெயர் மாறியிருந்தது.

1995இல் தேசியப் பரிசுச்சீட்டு நிதியிலிருந்து மில்லினியம் ஆணையம் 4.35 கோடி பவுண்டு வழங்கியது. அதன்பின் உள்ளூர் முயற்சி நாடளாவிய திட்டமானது. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5,000 மைலுடன் வலையமைப்பு முறைப்படி திறக்கப்பட்டது. 2005இல் நீளம் 10,000 மைலை எட்டியது.

பழைய இரயில் தடங்கள்

நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தில் இழுக்க இயலாது. அதனால் இரயில் தடம் போட்டவர்கள் குன்றை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் சரிவை மட்டுப்படுத்தினர். இன்று மிதிவண்டியில் வருபவர் மூச்சு வாங்காமல் மலைப்பகுதியைக் கடப்பது அந்த உழைப்பின் பயன். சாலைகளைத் தடம் பெரும்பாலும் பாலத்தின் மேலோ அடியிலோ கடப்பதால் குறுக்கே வண்டி வரும் இடங்களும் குறைவு.

பாத் நகரின் தெற்கே உள்ள கூம் டவுன் சுரங்கம் இதற்குச் சிறந்த சான்று. 1966இல் மூடப்பட்ட இருப்புப்பாதையைச் சேர்ந்த இச்சுரங்கம் 1,672 மீட்டர் நீளமுடையது. 2013இல் இரு சுரங்கப் பசுமைவழியின் பகுதியாகத் திறக்கப்பட்டது. விளக்குகள் பொருத்தப்பட்ட உட்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் சுவரிலிருந்து நரம்பிசை ஒலிக்கும். ஆட்கள் நெருங்க நெருங்க அது எழுமாறு கலைஞர் மீரா காலிக்ஸ் அமைத்தார். கார்ன்வாலில் கேமல் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிச் செல்லும் கேமல் டிரெயில் சுமார் 18 மைல் நீளமுள்ளது. பேட்ஸ்டோ துறைமுகத்திலிருந்து வேட்பிரிட்ஜ் வரையிலான பகுதி மிகவும் சமதளமானது. கோடையில் வாடகை மிதிவண்டிகளில் குடும்பங்கள் இங்கே திரள்கின்றன.

கிராமச் சாலைகள்

தண்டவாளம் பெயர்த்த நிலம் பல இடங்களில் துண்டு துண்டாக விற்கப்பட்டது. வயல்களும் வீடுகளும் வந்தன; சில பாலங்கள் இடிக்கப்பட்டன. அறுபட்ட இவ்விடங்களை இணைக்கக் கிராமச் சாலைகள் பயன்பட்டன. இருபுறமும் உயிர்வேலி அடர்ந்த இச்சாலைகளில் பெரும்பாலும் ஒரு கார் செல்லும் அகலமே உண்டு. எதிர்வண்டிக்கு வழிவிட ஆங்காங்கே ஒதுக்கிடம் இருக்கும். போக்குவரத்து குறைவு என்பதால் வேகமும் குறைவு என்று கொள்ள இயலாது. தனி வரம்பு அறிவிக்கப்படாத ஊர்ப்புற ஒற்றைச் சாலைகளில் சட்டம் கார்களுக்கு மணிக்கு 60 மைல் வரை இடம் தருகிறது. நடப்போரும் மிதிவண்டியினரும் குதிரையில் வருவோரும் அச்சமின்றிச் செல்ல, சில சாலைகளை ‘அமைதிச் சாலை’ என்று அறிவிக்கும் அதிகாரத்தை 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அளித்தது.

எண்களும் அடையாளமும்

நீலப் பலகையில் வெள்ளை மிதிவண்டிப் படமும், சிவப்புக் கட்டத்தில் வழியின் எண்ணும் இருக்கும். வழி 4 இலண்டனிலிருந்து வேல்ஸின் ஃபிஷ்கார்ட் வரை செல்கிறது. பிரிஸ்டல்–பாத் பாதை இதன் ஒரு பகுதி. வழி 8 கார்டிஃபிலிருந்து ஹோலிஹெட் வரை வேல்ஸை ஊடறுக்கிறது. புத்தாயிரத்தையொட்டி வார்ப்பிரும்பு மைல் தூண்கள் 1,000 வரை நான்கு கலைஞர்களின் வடிவமைப்பில் நடப்பட்டன.

1994இல் திறக்கப்பட்ட ‘கடலிலிருந்து கடலுக்கு’ வழி சுமார் 140 மைல் நீளமுடையது. மேற்குக் கரையின் வைட்ஹேவன் அல்லது வொர்க்கிங்டனில் தொடங்கி, பென்னைன் மலைகளைத் தாண்டி, எஃகு ஆலை மூடப்பட்ட கான்செட் நகர் வழியே, சன்டர்லாந்து அல்லது டைன்மவுத்தில் முடிகிறது. புறப்படுகையில் பின்சக்கரத்தை ஐரிஷ் கடலிலும், சேர்ந்ததும் முன்சக்கரத்தை வடகடலிலும் நனைப்பது இவ்வழிப் பயணிகளின் வழக்கம்.

சிக்கல்களும் சீரமைப்பும்

விரிவாக்கத்தின் வேகத்துக்குத் தரம் ஈடுகொடுக்கவில்லை. 2018இல் வெளியான ஆய்வறிக்கையின்படி மொத்த நீளம் 16,575 மைல். அதில் மோட்டார் வண்டி வராத பாதை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 42 விழுக்காடு மோசமான நிலையிலும் 4 விழுக்காடு மிக மோசமான நிலையிலும் இருந்தன. மழைக்காலச் சேறு, குழப்பமான வழிகாட்டிப் பலகைகள் ஆகியவையும் குறைகளாக இருந்தன. மோட்டார் சைக்கிள்களைத் தடுக்க வைத்த இரும்புத் தடுப்புகள் சக்கர நாற்காலியையும் மூன்றுசக்கர மிதிவண்டியையும் சேர்த்தே தடுத்தன.

2020இல் சஸ்ட்ரான்ஸ் அளவுகோலை எட்டாத சாலைப் பகுதிகளை விலக்கியும் வகை மாற்றியும் வலையமைப்பைக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைத்தது. மிஞ்சியது சுமார் 12,700 மைல். நீளம் குறைந்தாலும், அடையாளப் பலகையை நம்பிச் சிறுவரை அழைத்துவரலாம் என்ற உறுதிக்கு இது வலுச் சேர்த்தது. மோட்டார் வண்டி வராத பாதையை 2040க்குள் 5,000 மைலிலிருந்து 10,000 மைலாக இரட்டிப்பாக்குவது 2018 அறிக்கை வகுத்த இலக்கு.