வீடு திரும்பும் ட்ரோன்: பொத்தானை நம்புவதற்கு முன்

மீள்குடியேற்றம் பற்றிய காணொளி ஒன்றுக்காகப் பளைப் பக்கம் ட்ரோன் பறக்கவிட்டிருந்தேன். இடையில் ரிமோட்டுடனான தொடர்பு அறுந்தது. ட்ரோன் தானாகத் திரும்பத் தொடங்கியதால் நான் பதற்றப்படவில்லை. ஆனால், திரும்பும் உயரம் முன்னொரு நாள் வயல்வெளியில் வைத்த 20 மீற்றரிலேயே இருந்தது. பனை வட்டு ஒன்றில் மோதிய ட்ரோன், மிதிவெடி அபாயத்தைக் காட்டும் சிவப்புப் பலகைகளுக்கு அப்பால் விழுந்தது. எடுக்கப் போன என்னைப் பக்கத்துக் காணியில் நின்ற அம்மா ஒருவர் மறித்தார். "தம்பி, அதுக்குள்ள போகாதேங்கோ. போனது போகட்டும்."

அன்று பிழை விட்டது ட்ரோன் அல்ல. நான் சொல்லிவைத்ததையே அது செய்தது.

தொடர்பு அறுந்தாலோ பற்றரி குறைந்தாலோ பெரும்பாலான ட்ரோன்கள் முதலில் நாம் குறித்த உயரத்துக்கு ஏறும். பின்னர் புறப்பட்ட இடத்தை நோக்கி நேர்கோட்டில் வந்து இறங்கும். அந்த உயரம் புறப்பட்ட இடத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. வழியில் மேடு இருந்தால் இடைவெளி குறைந்துவிடும். முதிர்ந்த பனை 30 மீற்றர் வரை வளரும். தொலைபேசிக் கோபுரங்கள் அதைவிட உயர்ந்தவை. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் சுற்றிலும் பார்த்து, ஆக உயர்ந்த தடையைவிடத் தாராளமாகக் கூட்டி வையுங்கள். அளவுக்கு மீறியும் கூட்ட வேண்டாம். மேலே காற்று பலம். எதிர்க்காற்றில் பற்றரி விரைவாக இறங்கும்.

தடை உணரிகளை மட்டும் நம்பாதீர்கள். மினி 2 போன்ற சிறிய ட்ரோன்களில் முன்பக்க உணரியே இல்லை. இருப்பவையும் மின்கம்பி, இலையில்லாத கிளை போன்றவற்றைத் தவறவிடலாம். பல உணரிகள் இருளில் சரியாக வேலை செய்யா. பல டிஜேஐ ட்ரோன்களில் ஸ்போர்ட் நிலையில் தடை தவிர்ப்பு இயங்காது.

புறப்படும் இடத்துக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். மாமரத்தின் கீழிருந்து ஏற்றினால், இறங்கும்போது அதே மரம் குறுக்கே நிற்கும். வீட்டு இடம் பதிவாகியதைத் திரையில் உறுதிசெய்த பின்பே ஏற்றுங்கள். படகிலிருந்து பறக்கவிட்டால், படகு நகர்ந்த பின்னும் ட்ரோன் பழைய இடத்துக்கே வந்து கடலில் இறங்கும்.

தொடர்பு அறுந்தால் திரும்புவதா, நின்ற இடத்தில் மிதப்பதா, இறங்குவதா என்று பல ட்ரோன்களில் முன்கூட்டியே தெரிவுசெய்யலாம். மரங்களுக்கோ இடிந்த கட்டடங்களுக்கோ உள்ளே பறக்கும்போது மிதப்பதே நல்லது. மேலே ஏறினால் கிளையிலோ கூரையிலோ மோதும். தொடர்பு இருக்கும்போது திரும்புதலை இடைநிறுத்தும் பொத்தானையும் பழகி வையுங்கள்.

இன்னொன்று. நேர்கோட்டில் திரும்பும் ட்ரோன் நாம் நினைக்காத வீடுகளுக்கு மேலாகவும் வரும். போர்க்காலத்தில் வேவு விமானத்தை 'வண்டு' என்று அழைத்த வன்னியில், அந்த இரைச்சல் இன்றும் சிலரை உலுக்குகிறது. அயலவருக்கு முன்னரே சொல்லுங்கள்.

ட்ரோன் விழுந்தது சிவப்புப் பலகைக்கு அப்பால் என்றால் ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள். இடத்தைக் குறித்து, மிதிவெடி அகற்றும் பணியாளர்களிடம் சொல்லுங்கள். என்னுடையது திரும்பக் கிடைக்கவில்லை. நான் வீடு திரும்பினேன்.