இருப்புப்பாதையும் நம் சமுதாயமும்

தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. தொலைவு ஏறத்தாழ 63 மைல். 1874இல் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் தோன்றியபின் இருப்புப்பாதைகள் தெற்கெங்கும் விரிந்தன.

நம் வட்டாரத்திற்குக் கிடைத்தது விருத்தாசலம் – சேலம் பாதையாகும். அது சின்னசேலம், ஆத்தூர் வழியே சென்றமையால் கள்ளக்குறிச்சி நகரம் ஒதுங்கியே நின்றது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் இணைப்புப் பாதை அமைக்கும் திட்டம் இந்த நூற்றாண்டில்தான் ஒப்புதல் பெற்றது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த கல்வராயன் மலை மக்களுக்கோ புகைவண்டி மிகத் தொலைவிலேயே இருந்தது.

பயணச்சீட்டு வாங்கியவர் எவராயினும் வண்டியில் ஏறலாம் என்பது அக்காலத்தில் பெரும் புதுமை. ஆனால் சாதி நிலைய வாயிலிலேயே காத்திருந்தது. 1901இல் சிறுவராயிருந்த அண்ணல் அம்பேத்கர், உடன்பிறந்தார் முதலியோருடன் மசூர் நிலையத்தில் இறங்கினார். அவர்கள் மகர் குலத்தினர் என்றறிந்ததும் நிலைய அதிகாரி முகம் மாறி விலகினார். வண்டிக்காரர்களும் ஏற்ற மறுத்தனர். இரட்டிப்புக் கூலிக்கு இசைந்த ஒருவரும் உடன் அமர மறுத்து நடந்தே வர, சிறுவர்களே மாட்டுவண்டியை ஓட்டிச் சென்றனர். நம் மாகாணத்திலும் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் இருந்தது. பெரியாரின் இடைவிடாத கிளர்ச்சிக்குப்பின் 1941இல்தான் அவ்வேற்றுமை ஒழிந்தது.

ஆகவே இரும்பு தானாகச் சமத்துவம் தரவில்லை; மக்கள் போராடியே பெற்றனர். மசூரில் விலக்கப்பட்ட சிறுவரே பின்னாளில் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினரானார். அக்காலத்தில், 1943இல், மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 8⅓ விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. இன்று நாடளாவிய போட்டித் தேர்வுகளில் அவ்வொதுக்கீடு தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 7½ விழுக்காடாகும். இரயில்வே பணிகளுக்கும் இது பொருந்தும்.

இளைஞர்களே! இரயில்வே தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம். பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை ஒவ்வொரு படிக்கும் ஏற்ற பணிகள் அத்துறையில் உள. ஒதுக்கீடு வாயிலைத் திறந்து வைக்கும். உள்ளே நுழையக் கல்வி வேண்டும். நம் ஊருக்குப் பாதை வரும்வரை நாம் காத்திராது, நம் பிள்ளைகளைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வோமாக. வெள்ளிவிழாக் காணும் நம் கழகம் மலையடிவாரச் சிற்றூர்களுக்கும் இப்பணியைக் கொண்டு சேர்க்குமாக.