புதுச்சேரியின் படைப்புத் தொழில்கள்

புதுச்சேரியின் படைப்புத் தொழில்கள் என்பது, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஒரு வாய்க்காலால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்த புதுச்சேரி நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளர்ந்த கைவினை, வடிவமைப்பு, கட்டடக்கலை, நாடகம், பதிப்பு முதலிய தொழில்களைக் குறிக்கும். இந்நகரின் பழைய பிரிவினை சட்டப்படி மறைந்துவிட்டது. எனினும், நகரின் எந்தப் பகுதி போற்றப்படுகிறது, எந்தப் பகுதி அழிகிறது என்பதில் அதன் தாக்கம் இன்றும் காணப்படுகிறது.

நகரப் பிரிவினை

1674 இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறினர். 1693 இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றி, நேர்கோட்டுத் தெருக்களைக் கொண்ட திட்டம் ஒன்றை வகுத்தனர். 1699 இல் நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரரும் இத்தெரு அமைப்பையே பின்பற்றினர். 1750 இல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையையும் பிடித்தது. ஆனால் 1761 இல் புதுச்சேரி, செஞ்சி ஆகிய இரண்டும் ஆங்கிலேயர் வசமாயின. புதுச்சேரி நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பின்னர் அது பழைய தெரு அமைப்பின் மீதே மீண்டும் கட்டப்பட்டது.

நகரின் குறுக்கே வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் எல்லையாக அமைந்தது. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளை நகரம் எனப்பட்டது. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி கறுப்பு நகரம் எனப்பட்டது. முன்னதில் உயர்ந்த மதிலும் உட்தோட்டமும் கொண்ட மாளிகைகளும், பின்னதில் திண்ணை, தாழ்வாரம், முற்றம் ஆகியவற்றைக் கொண்ட வீடுகளும் எழுந்தன. கீழ்த்தளம் தமிழர் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்த கலப்பு வீடுகளும் தமிழர் பகுதியில் கட்டப்பட்டன. துபாசி ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

புகலிடமும் பதிப்பும்

ஆங்கிலேயரின் சட்டம் புதுச்சேரியில் செல்லாது என்பதால், இந்நகரம் எழுத்தாளர்களுக்குப் புகலிடமாயிற்று. 1908 இல் இங்கு வந்த சுப்பிரமணிய பாரதி பத்தாண்டுகள் தங்கியிருந்தார். இந்தியா இதழும் சென்னையிலிருந்து இங்கு மாற்றப்பட்டு 1910 வரை வெளிவந்தது. 1910 இல் அரவிந்தர் வந்தார். புதுச்சேரியில் பிறந்த பாரதிதாசன் பாரதியின் தொடர்பால் கவிஞராக உருப்பெற்றார். தமிழ் நாடகாசிரியர் சங்கரதாசு சுவாமிகள் 1922 இல் இந்நகரிலேயே மறைந்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

கைவினையும் வடிவமைப்பும்

1926 இல் நிறுவப்பெற்ற அரவிந்தர் ஆசிரமம் பல பட்டறைகளைத் தொடங்கியது. அதன் கைமுறைத் தாள் ஆலை 1959 இல் ஏற்பட்டது. 1954 இல் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிவுக்கு வந்தது. 1962 இல் சட்டப்படியான மாற்றமும் நிறைவேறியது. 1955 இல் அமைக்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளையும் நிழற்படங்களையும் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது.

1968 பெப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. இதன் பெரும்பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. அழுத்தப்பட்ட மண் கற்களைக் கொண்டு கட்டடம் எழுப்பும் முறைக்கு ஆரோவில் பெயர் பெற்றது. 1971 இல் ரே மீக்கர், டெபோரா சுமித் ஆகியோர் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ச் மட்பாண்டக்கூடம், இந்தியாவின் பல கலைஞர்களுக்குப் பயிற்சியளித்தது. தோல் பொருள் நிறுவனமான ஐடிசைன் 1978 இல் இங்குத் தோன்றியது. மும்பையில் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி நாடகக் குழு 1993 இல் இப்பகுதிக்கு இடம் பெயர்ந்தது.

உள்ளூர்க் கைவினைகளும் இவற்றுடன் தொடர்கின்றன. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்களும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை.

மரபுப் பாதுகாப்பும் சிக்கலும்

பழைய மாளிகைகள் விடுதிகளாகவும் கலைக்கூடங்களாகவும் மாறியதால் பிரெஞ்சுப் பகுதிக்கு வருவாய் கிடைத்தது. அவ்வருவாயால் அங்குள்ள கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன. 2012 இல் வெளியான லைஃப் ஆஃப் பை போன்ற திரைப்படங்களும் நகரின் புகழைப் பெருக்கின. தமிழர் பகுதியின் நிலை வேறு. அங்கு ஒரே வீடு பல வாரிசுகளுக்கு உரியதாகிறது. பாகம் பிரிக்கும்போது வீடு விற்கப்பட்டு, இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் கட்டடம் எழுகிறது. திண்ணையும் முற்றமும் மறையும்போது, அவற்றைச் செய்தளித்த தச்சர், கொத்தர் ஆகியோரின் தொழிலும் நலிகிறது.

இதற்கு மாற்றாக, இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. இப்பணி 2008 இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. மக்கள் குடியிருக்கும் தமிழ் வீதியொன்றும் மரபுச் செல்வமே என்பதை இது காட்டியது.

பிரெஞ்சுப் பகுதியும் இடரிலிருந்து தப்பவில்லை. கடற்கரையிலிருந்த பழைய நகர மன்றக் கட்டடமான மேரி, 2014 நவம்பரில் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. முன்னிருந்த வடிவிலேயே கட்டப்பட்ட அக்கட்டடம் 2021 இல் திறக்கப்பட்டது.