சவுத் டவுன்ஸ்: சுண்ணாம்புக் குன்றுகளும் காட்சி முனைகளும்

சவுத் டவுன்ஸ் என்பது இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, ஹாம்ப்ஷயரிலுள்ள வின்செஸ்டர் தொடங்கி சசெக்ஸ் கடற்கரையிலுள்ள ஈஸ்ட்போர்ன் வரை நீளும் சீமைச் சுண்ணாம்புக் குன்றுத் தொடர். இவற்றில் உயரமான பட்சர் ஹில்லே 270 மீட்டர்தான். ஆனால் உயரத்தை மட்டும் வைத்து இக்குன்றுகளை எடைபோட முடியாது. தெற்கே கடலை நோக்கி மெல்லச் சாயும் இவை, வடக்கே சட்டென்று இறங்கிவிடுகின்றன. அதனால் அரை மணி நேரம் நிதானமாக ஏறியவருக்கே வீல்ட் என்னும் தாழ்நிலம் முழுவதும் வயல்களும் புதர்வேலிகளும் தேவாலயக் கோபுரங்களுமாகக் காலடியில் விரிந்துவிடும். வானம் தெளிந்திருந்தால் எதிர்ப்புறத்தில் நார்த் டவுன்ஸ் ஒரு கோடாகத் தெரியும்.

இந்த அமைப்புக்குக் காரணம் நிலவியலில் இருக்கிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இப்பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்து வெள்ளைப் பாறையாயின. பிற்பாடு, ஆல்ப்ஸ் மலையை எழுப்பிய நில அழுத்தத்தில் இப்பாறை குவிமாடம்போல் உப்பியது. நடுப்பகுதியை நீரும் காலமும் அரித்துத் தின்ன, தெற்கு விளிம்பு சவுத் டவுன்ஸ் ஆகவும் வடக்கு விளிம்பு நார்த் டவுன்ஸ் ஆகவும் எஞ்சி நிற்கின்றன.

சுண்ணாம்புப் பாறை மழையை உறிஞ்சிக்கொள்வதால் உச்சியில் ஓடைகளே கிடையாது. பள்ளத்தாக்குகள் மட்டும் தண்ணீரின்றிக் கிடக்கின்றன. பனியூழியில் நிலம் உறைந்து இறுகியபோது, உள்ளே இறங்க வழியின்றி மேலோடிய உருகுநீர் அறுத்தவை இவை. பிரைட்டனுக்கு வடக்கே உள்ள டெவில்ஸ் டைக் இவற்றில் புகழ்பெற்றது. சுமார் 100 மீட்டர் ஆழமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் கொண்டது. சசெக்ஸின் தேவாலயங்களைக் கடல்நீரில் மூழ்கடிக்கச் சாத்தான் ஒரே இரவில் வெட்டத் தொடங்கிய வாய்க்கால் இது என்றும், ஒரு கிழவி மெழுகுவத்தி ஏற்றியதும் சேவல் கூவ, விடிந்துவிட்டதென்று எண்ணி ஓடிப்போனான் என்றும் ஊர்க்கதை உண்டு. விக்டோரியா காலத்தில் இங்கே திருவிழாக் கூட்டம் கூடியது. 1887-இல் ரயில் வந்தது; 1894-இல் பள்ளத்தின் குறுக்கே கம்பிவடத்தில் தொங்கும் கூண்டுவண்டி ஓடியது. ரயில் பாதை 1938-இன் கடைசி நாளோடு மூடப்பட்டது.

இத்தொடரின் வரலாற்றில் மிகவும் ஆழமான பகுதி சிஸ்பரி ரிங். வொர்திங் நகருக்கு மேலே, 184 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 24 எக்டேர் பரப்பைச் சுற்றி வளைத்த மண்கோட்டை இது. இரும்புக் காலத்தில், கி.மு. 400 வாக்கில் எழுப்பப்பட்டது. ஆனால் அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே சுரங்கங்கள் இருந்தன. புதிய கற்கால மக்கள் கோடரி செய்வதற்கு ஏற்ற சிக்கிமுக்கிக் கல்லைத் தேடி இருநூறுக்கும் மேற்பட்ட குழிகளைத் தோண்டினார்கள். சில குழிகள் 12 மீட்டர் வரை ஆழமானவை. அடியிலிருந்து பக்கவாட்டில் குடைவுகள் செல்கின்றன. கருவிகள் மான்கொம்பும் மாட்டுத் தோள்பட்டை எலும்பும்தான். மேலாகக் கிடைக்கும் கல் உறைபனியில் விரிசல் விட்டிருக்கும் என்பதால், ஈரம் காயாத நல்ல கல்லுக்காக அவ்வளவு ஆழம் போனார்கள். பிற்காலத்தில் பிட் ரிவர்ஸ் என்று பெயர்பெற்ற அகஸ்டஸ் லேன் ஃபாக்ஸ் 1867 முதல் இங்கே அகழ்ந்தார். கோட்டைச் சுவருக்கு அடியிலேயே சுரங்கக் குழி இருப்பதை 1875-இல் அவர் காட்டியதும், எது மூத்தது என்ற கேள்வி தீர்ந்தது. இன்று அக்குழிகள் கோட்டையின் மேற்குப் பகுதியில் புல் மூடிய பள்ளங்களாகக் கிடக்கின்றன. மதிலின் மேல் ஒரு சுற்று நடந்தால் கிழக்கே பீச்சி ஹெட் முதல் மேற்கே வைட் தீவு வரை கடற்கரை கண்ணில் படும். சசெக்ஸில் ஒரே ஒரு குன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் இங்கேதான் வர வேண்டும்.

வடக்கே சிறிது தொலைவில் சாங்க்டன்பரி ரிங் நிற்கிறது. இதுவும் பழங்கோட்டையே; உள்ளே ரோமானியர் காலக் கோயில் ஒன்றின் அடித்தளம் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் இதை ஊரறியச் செய்தவை 1760-இல் விஸ்டன் பண்ணை வாரிசான சார்லஸ் கோரிங் நட்ட பீச் மரங்கள். அக்கன்றுகளுக்கு அவர் புட்டிகளில் தண்ணீர் சுமந்து ஏறினார் என்பார்கள். 1987 அக்டோபர் புயல் பெரும்பாலான மரங்களைச் சாய்த்தது. மறுபடி நட்ட கன்றுகள் இப்போது வளையமாக வளர்ந்து நிற்கின்றன.

இதே தொடரில் வில்மிங்டன் ஊரின் சரிவில் இரு கைகளிலும் கோல் ஏந்தி நிற்கும் 72 மீட்டர் உயர நெடுமனித உருவம் பழங்காலத்தது என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2003-இல் நடந்த ஆய்வின்படி அது 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டு வேலை.

மேலே மரமில்லாத வெட்டவெளியாக இருப்பதால்தான் இத்தனை காட்சிகளும் கிடைக்கின்றன. அந்த வெட்டவெளி ஆடுகள் ஆக்கித் தந்தது. கிளைண்ட் ஊரின் ஜான் எல்மன் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேம்படுத்திய சவுத்டவுன் இன ஆடுகள் பகலில் குன்றில் மேயும். இரவில் வயல்களில் கிடை போடுவார்கள். குன்றின் சத்து அப்படியே வயலுக்கு இறங்கியது. தண்ணீரில்லாத உச்சியில் களிமண்ணை மிதித்துப் பூசி வட்டக் குட்டைகள் அமைத்தார்கள். பனித்துளியால் நிரம்புபவை என்று அவற்றுக்குப் பேர். உண்மையில் நிரப்புவது மழைதான்.

ஆட்டு வாய் படப் படப் புல் தரையோடு தரையாகப் படிந்தது; அதனால் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைத்தது. குனிந்து பார்த்தால் ஒரு சதுர மீட்டரில் 40 வகை வரை எண்ணலாம். மிதித்தால் மணக்கும் காட்டுத் தைம், சசெக்ஸின் பெருமை எனப்படும் நீல ராம்பியன் பூ, மஞ்சள் வெட்ச். அந்த வெட்ச் இலையைத் தின்று வளரும் நீலப் பட்டாம்பூச்சியின் புழுவை, அது சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் காவல் காக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது உணவுக்காகப் பெருமளவு புல்வெளி உழப்பட்டது. 1953-இல் பரவிய மிக்சோமடோசிஸ் நோய் முயல்களை அழித்தது. ஆடும் குறைந்து முயலும் இல்லாமற்போன இடங்களில் முட்புதர் ஏறிவிட்டது. ஆகவே புல்வெளியைக் காப்பதும் காட்சியைக் காப்பதும் ஒரே வேலை.

நடப்பவர்களுக்கு முதுகெலும்பாக இருப்பது 160 கிலோமீட்டர் நீளமுள்ள சவுத் டவுன்ஸ் வே. சைக்கிளுக்கும் குதிரைக்கும் கூட இடமுண்டு. முழுவதும் நடக்க எட்டு, ஒன்பது நாள் ஆகும். புதிதாக வருபவருக்கு ஏற்ற பகுதி 248 மீட்டர் உயர டிச்லிங் பீக்கனிலிருந்து மேற்கே ஜாக், ஜில் என்ற இரு காற்றாலைகள் வரை உள்ள சுமார் 3 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் இல்லை. ஜில் 1821-இல் பிரைட்டனில் கட்டப்பட்டு, 1852-இல் காளைகள் இழுத்து இங்கே கொண்டுவரப்பட்டது.

காற்றாலைகளுக்குத் தெற்கே, பாட்சம் ஊருக்கு மேலே, வெள்ளைப் பளிங்கில் சத்ரி நினைவிடம் இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்டு, பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்கள் எரியூட்டப்பட்ட இடம் அது; நினைவிடம் 1921-இல் திறந்துவைக்கப்பட்டது. நடந்துதான் போக வேண்டும். போர் நினைவிடங்களில் இவ்வளவு தகுந்த இடத்தில் அமைந்தவை மிகக் குறைவு.

கிழக்கு முனையில் குன்றுகள் கடலில் முறிகின்றன. செவன் சிஸ்டர்ஸ் பாறைகளின் மேல் ஏறி இறங்கி, 162 மீட்டர் உயர பீச்சி ஹெட் வரை நடப்பது சற்றே உழைப்பு. சுண்ணாம்பு விளிம்பு முன்னறிவிப்பின்றிச் சரியும் என்பதால் ஓரத்துக்குப் போகக் கூடாது. மழைக்குப் பின் பாதை வெள்ளைச் சேறாகி வழுக்கும்.

1947-இலேயே தேசியப் பூங்காவாகப் பரிந்துரைக்கப்பட்ட சவுத் டவுன்ஸ் 2010-இல்தான் அந்த நிலையைப் பெற்றது. பரப்பு சுமார் 1,600 சதுர கிலோமீட்டர். பிரைட்டனிலிருந்து டெவில்ஸ் டைக்குக்கும் டிச்லிங் பீக்கனுக்கும் பஸ் உண்டு.