காம்பவுண்டு: ஒரே ஒலி, இரண்டு பிறப்பு



எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவருக்கு அலுவலகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. பேரன் படித்துப் பார்த்து, "தாத்தா, காம்பவுண்டைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார்கள்" என்றான். பெரியவர் வெளியே போய் வேலியைச் சுற்றிப் பார்த்தார். வேலி நன்றாகத்தான் இருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். குறித்த நாள் கடந்தது. அடுத்து வந்தது நீதிமன்ற அழைப்பாணை!

அவரைக் குழப்பிய சொல்லின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். ஆங்கிலத்தில் 'காம்பவுண்டு' என்று எழுதப்படுவது உண்மையில் இரண்டு சொற்கள். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

வீட்டைச் சுற்றியுள்ள அடைப்பு நிலத்தைக் குறிக்கும் காம்பவுண்டு, நாம் நாள்தோறும் 'கம்பம்' என்று சொல்கிறோமே, அந்த மலாய்க் 'கம்போங்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதே அறிஞர் பலரின் முடிவு. போர்த்துகீசியச் சொல்லே மூலம் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆயினும், 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதியில் யூல், பர்னல் ஆகிய இருவரும் மலாய் மூலத்தையே ஆதரித்தனர்.

அக்காலத்தில் கம்போங் என்பது சிற்றூரை மட்டும் குறிக்கவில்லை. நகருக்குள் ஓர் இனத்தார் சேர்ந்து வாழும் வட்டாரத்தையும், அடைப்புக்குட்பட்ட இடத்தையும் குறித்தது. 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் கம்போங் கிளாம் இருந்தது. தென்னிந்தியர்களுக்கென ஒதுக்கிய சூலியா கம்போங்கும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வாயில் புகுந்த கம்போங், காம்பவுண்டாக மாறி இந்தியாவில் பரவியது. தமிழ்நாட்டில் 'காம்பவுண்டுச் சுவர்' என்கிறார்களே, அதில் இருப்பது நம் மண்ணின் சொல்!

மற்றொரு காம்பவுண்டின் பிறப்பிடம் லத்தீன். 'ஒன்றாக வைத்தல்' என்பது அதன் மூலப்பொருள். வட்டிக்கு வட்டி சேரும் கூட்டு வட்டியும், தனிமங்கள் கூடிய சேர்மமும் இதன் வழிவந்தவை. இருதரப்பும் கூடி வழக்கைத் தீர்த்துக்கொள்வதும் இதிலிருந்தே பிறந்த சட்டப் பொருள். அதுவே இன்று மலாயில் 'கொம்பாவுன்' என வழங்குகிறது. ஒரு சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்த மலாய்மொழி, அதே உருவத்தில் வேறொரு சொல்லைத் திரும்பப் பெற்றிருக்கிறது, பார்த்தீர்களா!

நேயர்களே, கொம்பாவுன் கடிதம் நீதிமன்றத் தீர்ப்பு அன்று. 'இத்தொகையைக் குறித்த நாளுக்குள் செலுத்தினால் இக்குற்றத்துக்காக வழக்குத் தொடர மாட்டோம்' என்ற வாய்ப்பே அது. செலுத்தினால் விவகாரம் அத்தோடு முடியும். அலட்சியம் செய்தால் வழக்கு வரலாம்.

ஆகவே, அப்படியொரு கடிதம் வந்தால் வேலியைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். சொல்லின் பொருள் அறிவது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. வாழ்க்கைக்குக் காவலும் ஆகும்.